நம்பக் கூடாத நேரம்

நெட்வொர்க் ஸ்விட்சுகள் கக்கும் லாக் வரிகளை, அதாவது நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவை, மற்றவர்கள் தலைவலி என்று தள்ளிவிடுவார்கள். அவர் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். எந்த போர்ட், அதாவது கேபிள் செருகும் வாய், படுக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அலுவலகத்தில் அவருக்கு ஜோசியர் என்றே பெயர். அந்த மனுஷனை அதே லாக்கை வைத்து மாட்டிவிட்டார்கள், கொடுமையைப் பாருங்கள்.

தொழிற்சாலையின் பேக்கிங் பகுதிக்கு இரண்டு கேபிள்கள். ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளம் தோண்டிய இயந்திரம் முதல் கேபிளை அறுத்தபோது இரண்டாவது தாங்கவில்லை. அதன் போர்ட்டை யாரோ முன்பே மூடி வைத்திருந்தார்கள். அரை நாள் உற்பத்தி அம்போ. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால் மூடியவர் யாரென்று லாக்கில் இல்லை. மூடிய நேரம் மட்டும் இருந்தது. செவ்வாய்க் காலை. அன்று ஸ்விட்ச் அறையில் இருந்தவர் ஜோசியர்.

லாக்கை அட்டவணையாக்கி மேனேஜரிடம் கொடுத்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. யார் யார் காலையோ பிடித்து அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

சனிக்கிழமை விசாரணையில் அட்டவணையைப் பார்த்ததுமே, அதில் ஒன்று காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"நேரத்துக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி இருந்துச்சு சார். என் கடிகாரத்த நம்பாதேன்னு ஸ்விட்சே சொல்றது அது."

வாரத் தொடக்கத்தில் கரண்ட் போய் எழுந்த ஸ்விட்ச், சரியான நேரம் சொல்லும் சர்வரோடு சேராமல் ஒரு நாள் பின்தங்கி ஓடியதையும், வெள்ளிக்கிழமை தன் கையாலேயே அதைச் சரிசெய்ததையும் விளக்கினார். அப்படியானால் போர்ட் மூடப்பட்டது புதன்கிழமை. அன்று அவர் லீவு. அறையில் இருந்தவன் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மச்சினனே வாயைத் திறப்பான் என்று காத்திருந்தார்.

ஜோசியர் நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று மேனேஜர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அட்டவணை பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வேண்டாத குறிகளை எடுத்ததாகவும், என்னென்ன குறி என்று ஞாபகமில்லை என்றும் மச்சினன் சொன்னான். மூலப் பிரதியை அழித்துவிட்டானாம். ஸ்விட்சிலேயே பார்க்கலாம் என்றால், அதன் நினைவகத்தில் புது வரி வர வரப் பழையது வெளியே போய்விடும். கேபிள் அறுந்தபின் கொட்டிய வரிகள் அதையும் அடித்துக்கொண்டு போயிருந்தன. திங்கட்கிழமைக்குள் ராஜினாமா கொடுத்தால் கௌரவமாகப் போகலாம் என்றார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டினார். தம்பியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள், அவன் உண்மையைச் சொல்லிவிட்டால் வேலையும் தப்பும் பேரும் தப்பும் என்று மலைபோல நம்பினார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். வெள்ளிக்கிழமையே எங்கிட்ட வந்து அழுதான்."

அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க. அவன் அப்படியா? வாயத் திறக்காதடான்னு நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்து உதறினாள். அது அவர் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டை. அதையும் மடித்து வைத்தாள்.