உரிஞ்சதா, உரிச்சதா

ஜெரால்டின் ஏழு சீட் வெள்ளை வண்டியின் பானெட்டில் முதலில் தெரிந்தது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம்தான். அது தோசை அளவுக்குப் பரவியது யாரால் என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஜெரால்டின் மகள் ஸ்நேகா.

கும்மிடிப்பூண்டியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். சாயங்காலமானால் வீட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் அனல் தாங்காது. வேதியியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் வண்டியில் சாய்ந்துகொண்டு மனப்பாடம் செய்வாள். வாய் படிக்கும், கை சும்மா இருக்காது. ஒருநாள் விரல் நகம் அந்தக் கொப்புளத்தின் ஓரத்தில் நுழைந்தது. வேகவைத்த முட்டையின் உள்தோல் வருகிற மாதிரி, ஒரு துண்டு பெயிண்ட் அலுங்காமல் கையோடு வந்தது. அதில் ஒரு சுகம் இருந்தது. மறுநாளும் ஒரு துண்டு. அதற்கடுத்த நாள் இன்னும் பெரிதாக. ஒரு வாரத்தில் பானெட்டின் நடுவே சாம்பல் நிறம் பப்பரப்பே என்று தெரிய ஆரம்பித்த பிறகுதான், தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. ஜெரால்டு சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்கு ஸ்டாஃப் டிரிப் அடிக்கிறார். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் ஆபீசர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் மணவாளன் கேட்டருகே வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா ஜெரால்டு, வண்டிக்கு சொறி புட்சிகிச்சா? வெளியூர்லேந்து ஆடிட்டுக்கு வர்றவங்க ஏர்ற வண்டிப்பா இது. மாசம் பொறக்கறதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன், அப்பறம் என் மேல வருத்தப்படாத."

அந்த டிரிப் போனால் வீட்டில் அடுப்பு எரிவது விக்டோரியாவின் பேக்கிங் வேலையை நம்பித்தான். விக்டோரியா ஸ்நேகாவின் அம்மா. அன்று இரவு ஜெரால்டு பீரோவைக் குடைந்து வாரண்டி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இங்கிலீஷில் இருந்ததால் மகளிடம் நீட்டினார்.

"பெயிண்ட்டுக்கு இன்னா போட்டுகீறான், படி."

"மூணு வருஷம் நைனா."

"அப்ப நமக்கு இன்னும் பத்தொம்போது நாளு கீது! ஸ்தோத்திரம்! வேற இன்னா போட்டுகீறான்?"

அடுத்த பத்தியில் எதற்கெல்லாம் வாரண்டி செல்லாது என்று போட்டிருந்தது. கீறல், சுரண்டல், எண்ணெய், ரசாயனம், தவறான முறையில் கழுவுதல். ஸ்நேகாவின் கண் 'சுரண்டல்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

"வேற ஒண்ணும் இல்ல நைனா," என்று புத்தகத்தை மூடினாள்.

விடியற்காலை டிரிப் இருந்ததால் ஜெரால்டு சீக்கிரம் படுத்துவிட்டார். சர்வீஸ் சென்டர் நம்பருக்குப் புகாரை நீயே அடித்துப் போடு என்று போனை அவளிடம் கொடுத்திருந்தார். பதினோரு மணிக்குப் போர்வைக்குள் உட்கார்ந்து அடித்தாள். முதலில், 'அக்கா, அதை நான்தான்...' என்று ஆரம்பித்தாள். எதிர்முனையில் இருப்பது அக்காவா அண்ணனா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. பாதியில் பயம் வந்து அழித்தாள். மறுபடி ஒரே வரி அடித்து, திரும்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். விக்டோரியாவுக்கு லீவு. அப்படியே பொன்னேரியில் காய் வாங்கிக்கொண்டு வரலாம் என்று பையும் எடுத்துக்கொண்டிருந்தாள். கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்த சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறைக்குள் ஏ.சி. எலும்பைத் தொட்டது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் 'காயத்ரி, சர்வீஸ் அட்வைசர்' என்று போட்டிருந்தது. மிஞ்சிப்போனால் இருபத்துநாலு வயது இருக்கும். வண்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"சார், இந்த மெசேஜ் நீங்க போட்டதா?"

"என் பொண்ணு போட்டுது மேடம். நான் சொன்னேன், அது அட்ச்சிது."

"'பானெட்டில் பெயிண்ட் உரிச்சது'ன்னு இருக்கு. உரிஞ்சதா, உரிச்சதா சார்? தானா உரிஞ்சிருந்தா வாரண்டி. யாராச்சும் உரிச்சிருந்தா வாரண்டி இல்ல. வெளிலேந்து கீறுனது, சுரண்டுனது, எண்ணெ, கெமிக்கல், தப்பா கழுவுனது, எதுக்குமே கிடையாது. இத அப்படியே மேல அனுப்பினேன்னா ஒரு வரியில ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

ஜெரால்டு சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. "அது ஸ்பெல்லிங்கு மேடம். பிளஸ் ஒன்னு வந்துட்ச்சு, இன்னும் தமிழு ஒயுங்கா எழுத வரல."

காயத்ரி ஸ்நேகாவைப் பார்த்தாள். "அப்ப 'ச்'ச எடுத்துட்டு 'ஞ்' போட்டுக்கட்டாமா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். ஒரே ஓர் எழுத்து. நைனாவின் டிரிப் தங்கும். ஸ்நேகா தலையை ஆட்டத்தான் நினைத்தாள். ஆனால் கழுத்து அசையவில்லை, வாய்தான் திறந்தது.

"இல்லக்கா. சரியாத்தான் போட்டுகீறேன். நான்தான் உரிச்சேன்."

"இன்னாடி சொல்ற?" ஜெரால்டு எழுந்தேவிட்டார்.

"படிச்சிகினு இருக்கும்போது... நகத்தால. தெனம் கொஞ்சம். சின்னதாத்தான் நைனா இருந்துச்சு. நான்தான் பெருசாக்கினேன். வாரண்டில சுரண்டுனா செல்லாதுன்னு போட்டுகீது, அத நான் உனக்குப் படிக்கல." அதற்குமேல் அழுகை முந்திக்கொண்டது.

ஜெரால்டின் கை மேசையைப் பிடித்தபடி இருந்தது. பத்தொன்பது நாள், மணவாளன், டிரிப் எல்லாம் அவர் முகத்தில் ஓடியது. அவர் வாயைத் திறப்பதற்குள் விக்டோரியா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க. அது மேல தப்பு இல்ல. நான்தான் எண்ணெ தடவுனேன்."

"இன்னா எண்ணெ?"

"ஜெப எண்ணெதான். எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரிக்காரன் உங்க மேல ஏத்த வந்தான்ல, அன்னிலேந்து தெனம் காலைல பானெட்டு மேல வெரலால சிலுவ போட்டு ஜெபம் பண்ணித்தான் வண்டிய அனுப்புறேன். அந்த எடத்துலதான் ஃபர்ஸ்ட்டு கொப்புளம் வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். வாயத் தெறக்கல." அவள் காயத்ரியிடம் திரும்பினாள். "எண்ணெயும் செல்லாதுன்னுதானேம்மா சொன்ன?"

ஜெரால்டு பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பானெட்டுல எங்கேந்துடா தெனம் பிசுக்கு வருதுன்னு பாத்தேன். பவர் பிளாண்ட்டு சாம்பலு வேற அதுல ஒட்டிகினு அழுக்கா கெடந்துச்சு. பாத்திரம் வெளக்குற பவுடரப் போட்டு, கம்பி நாரால தேய்ச்சி எடுத்தேன். ஒரு மாசமா."

விக்டோரியாவுக்கு வந்ததே கோபம். "அடப்பாவி மனுசா! என் கம்பி நாரு எங்க எங்கன்னு நான் தேடிகினு கெடந்தேன்! பக்கத்து ஊட்டு முத்தம்மாவ சந்தேகப்பட்டுட்டேனே!"

காயத்ரி பேனாவைக் கீழே வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"ஊட்ல வேற யாராச்சும் இருக்காங்களா சார்? நாய், பூனை? இல்ல, அதுங்களயும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவளே சமாளித்துக்கொண்டு, போனில் பெயிண்ட் அடிக்கிற பிரிவிலிருந்து ரகுவைக் கூப்பிட்டாள்.

ரகுவின் கைமயிரெல்லாம் வெள்ளைத் தூள். காயத்ரி சொன்னதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டான். கைக்குள் அடங்கும் ஒரு கருவியை வண்டியின் மேல் அங்கங்கே வைத்து நம்பர் பார்த்தான். பெயிண்ட்டின் கனத்தை அளக்கிற கருவி அது. "வெளில எங்கியும் பெயிண்ட் அடிக்கல. எல்லாம் கம்பெனி பெயிண்ட்டுதான்," என்றான். பிறகு ஸ்நேகா பக்கம் திரும்பினான்.

"பானெட்ட உடு பாப்பா, அதுல உங்க குடும்பமே கைய வெச்சிகீது. யாரு கையும் படாத எடம் ஒண்ணு சொல்லு."

ஸ்நேகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "ரூஃப் நடுவுலண்ணா. நைனாக்கே அங்க எட்டாது. பைப்பால தண்ணி அடிக்கறதோட சரி."

ரகு ஸ்டூல் போட்டு ஏறினான். பிளேடால் கூரையின் நடுவில், சின்னக் கோலத்துக்குக் கட்டம் போடுகிற மாதிரி நாலு கோடு நெடுக்காக, நாலு கோடு குறுக்காகப் போட்டான். அதன்மேல் அகலமான டேப்பை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தான். விக்டோரியா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெரால்டு வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். டேப்போடு வராமல் பெயிண்ட் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், பழி மூன்று பேர் தலையிலும். ரகு ஒரே இழுப்பில் டேப்பைப் பிய்த்தான்.

டேப்போடு வெள்ளையும் வந்தது. கோடு போட்ட இடம் மட்டுமல்ல, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு. கூரையில் சாம்பல் நிறம் பளிச்சென்று தெரிந்தது. இறங்கி வந்து டிக்கியிலும் ஒரு தடவை செய்தான். அங்கேயும் அதே கதைதான்.

"அடில இருக்கற பிரைமர்ல பெயிண்ட் புடிக்கவே இல்ல," என்றான் காயத்ரியிடம். "பானெட் மட்டும் இல்ல. வண்டி ஃபுல்லாவே இப்படித்தான். இன்னிக்கு இல்லன்னா அடுத்த வருஷம் ரூஃப்பும் போயிருக்கும்."

"அப்ப நான் உரிச்சது?" ஸ்நேகா பானெட்டைக் காட்டினாள்.

ரகு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய கதவு ஒன்றைக் காட்டினான். ஏதோ விபத்து வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது. அடிபட்ட இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து ஓரம் தெரிந்தது. "இது நல்லா புட்ச்ச பெயிண்ட்டு. உரி பாக்கலாம்."

ஸ்நேகா தயங்கித் தயங்கி நகத்தை ஓரத்தில் கொடுத்தாள். அழுத்தினாள். இரண்டு கையாலும் பார்த்தாள். நகம்தான் மடங்கி வலித்தது. பெயிண்ட் இம்மியும் நகரவில்லை.

"அவ்ளோதான் பாப்பா. கம்பி நாரால தேய்ச்சா கோடு வுழும், மினுமினுப்பு போவும். எண்ணெ சும்மா வழியும். தோலு மாதிரி கயண்டு வர்றதுன்னா அது உள்ள இருந்தே கோளாறு. வரப்போறது உன் கைல வந்துச்சு." அவன் டேப்பை காயத்ரியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். ஸ்நேகா அவனுக்கு ஒரு வார்த்தை சொல்வதற்குள் அங்கே மிஷின் இரைய ஆரம்பித்துவிட்டது.

காயத்ரி மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். "சார், நீங்க மூணு பேரு சொன்னதயும் நான் எழுதத்தான் போறேன். பானெட்ல கோடு இருக்கு, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவரு கண்டுபிடிச்சிடுவாரு. மறைச்சோம்னு தெரிஞ்சா மொத்தமா தள்ளிடுவாரு. கூடவே ரூஃப், டிக்கி டேப் போட்டோ போடறேன். கம்பெனி பெயிண்ட்டுதான்னு ரீடிங் போடறேன். அப்பறம் பேச எதுவும் இருக்காது." ஸ்நேகாவைப் பார்த்தாள். "நீ 'ஞ்' போட்டுக்கோங்கன்னு சொல்லியிருந்தீன்னா நான் பானெட் போட்டோ மட்டும்தான்மா அனுப்பியிருப்பேன். ரூஃப்ப யாரு பாத்திருப்பா?"

கேட்காமலேயே இன்னொரு காகிதமும் அடித்துக் கொடுத்தாள். வண்டி வாரண்டி அனுமதிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, குறை உரிமையாளருடையது அல்ல என்று எழுதி, சீல் வைத்து, மணவாளனுக்கு.

திரும்பும் வழியில் பொன்னேரி மார்க்கெட்டைத் தாண்டியே வந்துவிட்டார்கள். காய் வாங்குகிற நினைப்பே யாருக்கும் இல்லை. வயல் பக்கம் வந்த பிறகு ஜெரால்டு கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

"எத்தினி நாளா பயந்துகினு இருந்த?"

"பதினோரு நாளு."

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ கம்பி நாரு மேட்டர அம்மாவாண்ட சொன்னியா?"

விக்டோரியாதான் முதலில் சிரித்தாள். ஜெரால்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் சிரிக்க வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து டேப்பையும் பார்த்தார், கோட்டையும் பார்த்தார். ஒன்பதாம் நாள் காயத்ரி போன் செய்தாள். பானெட் மட்டுமில்லை, வண்டி முழுக்கவே புதுசாக அடிக்க அனுமதி வந்திருந்தது. மணவாளன் சீல் வைத்த காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி சரி, அது வர்ற வரைக்கும் உன் பிரண்டு மோகன்ராஜு வண்டிய ஓட்டு," என்றாராம்.

மாசம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வண்டி எடுக்கப் போனார்கள். வண்டியைப் பார்க்கக் கண் கூசியது. ஸ்நேகா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கிட்டே போனாள். ஜெரால்டு இரண்டு சுற்று சுற்றி வந்து, கடைசியில் காயத்ரியின் மேசை முன் நின்றார். நன்றி என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. தேங்க்ஸ் என்று சொல்லலாம். அதை பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிறவனுக்குச் சொல்வார். இந்தப் பெண்ணுக்கு அது எப்படிப் போதும்? தொண்டையைச் செருமினார்.

"சாப்ட்டியாம்மா?"

"மணி நாலு ஆவுது சார்," என்றாள் காயத்ரி.

"ஆவட்டும். சாப்ட்டியா?"

"இல்ல சார். இன்னிக்கு வண்டி ஜாஸ்தி."

"அந்த ரகு?"

"அவரும் இன்னும் சாப்பிடல."

காயத்ரி நீட்டிய சாவியைக்கூட வாங்காமல் ஜெரால்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். கண்ணாடி வழியே பார்த்தால், லாரிகளுக்கு நடுவே கையைக் காட்டிக் காட்டி எதிர்ப்பக்கத்து பிரியாணிக் கடைக்கு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போறாரு உங்கப்பா?" என்றாள் காயத்ரி.

"வேணான்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா," என்றாள் ஸ்நேகா. "ரொம்ப பேஜாராயிடுவாரு."