யாரு பார்த்தது?

"முதல்ல அந்த ஆளை நாற்காலியை விட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. அப்புறம் விசாரிக்கலாம்."

அம்மா இப்படிச் சொன்னதும் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு மூத்தவரைப் போய் 'அந்த ஆள்' என்பதா! பொடிசு சொன்னதைக் கேட்டபோதுகூட அந்த வீடு இவ்வளவு பதறவில்லை.

பொடிசு, அம்மாவின் ஒன்பது வயது மகள். கணக்குச் சொல்லித்தர அறைக்குக் கூப்பிடும் பெரியப்பா, கதவைச் சாத்திவிட்டுத் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார் என்று காலையில் தலைவாரும்போது சொல்லிவிட்டாள். அம்மா அப்போதே போலீசுக்குக் கிளம்பினாள். அப்பாதான் மறித்தார், முதலில் வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாமாம்.

வீட்டுக்குள் பேசுவது என்றால் அங்கே ஒரே முறைதான். குழாய் உடைந்தாலும் சரி, கல்யாணம் நின்றாலும் சரி, பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். அவர் எழுந்திருக்கும்வரை ஒருவரும் கலைந்து போகக் கூடாது. ஆகவே பெரியப்பா மேல் வந்த புகாரை விசாரிக்கவும் பெரியப்பாவே உட்கார்ந்திருந்தார்.

"என் மேலேயே புகார். நானே விசாரிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் பெருந்தன்மையாக.

"உங்களை விட்டா நியாயம் பேச இந்த வீட்டுல வேற யாருண்ணே இருக்கா?" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க..." என்று அவர் காலை நீட்டிக்கொண்டார். அடக் கொடுமையே!

குறுக்கு விசாரணை சித்தப்பாவுக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியில் அவருக்கு வேலையே, வண்டி மோதிக் காலொடிந்தவனிடம் ஆயிரம் கேள்வி கேட்டு, கடைசியில் பணம் தர முடியாது என்பதுதான். மனுஷன் குஷியாகிவிட்டார்.

"என்னைக்கு நடந்துச்சு?"

"நிறைய நாள், சித்தப்பா."

"நிறைய நாள்னு காலண்டர்ல ஒரு தேதி இல்லியேம்மா. சரி, பெரியப்பா என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"நீலம்."

"அன்னைக்கு நீலச் சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தேனே!" என்றாள் பெரியம்மா. எந்த நாள் என்றே தெரியாதபோது, அந்த நாளில் சட்டை வாளிக்குள் இருந்தது மட்டும் இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"கத்தினியா?"

"பயமா இருந்துச்சு. மெதுவாத்தான் கத்தினேன்."

"கத்தியிருந்தா கூடத்துக்குக் கேட்டிருக்கணுமே!"

சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அத்தையை அந்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். கத்தச் சொன்னார்கள். கூடத்தில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தால், அத்தை வேர்த்து விறுவிறுத்து நிற்கிறாள்.

"பாவிகளா, தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தருக்கும் காது இல்லியா?"

"இது செல்லாது. அக்காவுக்கு இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்று சித்தப்பா அந்தச் சோதனையைத் தள்ளுபடி செய்தார். பிறகு பொடிசு பக்கம் குனிந்தார். "கடைசியா ஒண்ணே ஒண்ணு. யாரு பார்த்தது?"

"யாருமில்ல. கதவைச் சாத்திட்டா எப்படிப் பார்ப்பாங்க?"

"கேட்டுக்கங்க! சாட்சியே இல்லேன்னு புள்ளையே ஒத்துக்கிட்டா."

அம்மா விடவில்லை. "சரி தம்பி. இவரு பண்ணலேங்கிறதுக்கு யாரு சாட்சி?"

"என்ன அண்ணி இது? அதான் அண்ணனே சொல்றாரே!"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "குழந்தை ஏதோ கனவு கண்டிருக்கு. நான் மனசுல வச்சுக்கல. நாளையிலேர்ந்து கதவைத் திறந்து வச்சே பாடம் நடக்கட்டும்."

"என்ன மனசு, என்ன மனசு!" என்று அத்தை உருகினாள்.

அம்மா கேட்டாள்: "ஒண்ணுமே நடக்கலேன்னா கதவை எதுக்குத் திறந்து வைக்கணும்?"

அந்தக் கேள்வியையும் தள்ளுபடி செய்யச் சித்தப்பா வாயைத் திறந்தார்.

அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "எந்திரிடி கண்ணு, போலீசுக்குப் போகலாம்."

"அங்கேயும் யாரு பார்த்ததுன்னு கேட்பாங்களாம்மா?"

"கேட்கட்டும். உனக்கு நடந்ததுக்கு நீதான்டி சாட்சி. நீ சொல்லு, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

இருவரும் வாசல் இறங்கித் தெருவில் நடந்தார்கள். அப்பா பாதி எழுந்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் எந்திரிக்கல. அதுக்குள்ள இவ எந்திரிச்சுப் போறா, பார்த்தீங்களா?" என்று அத்தை அலறினாள்.

"இதைச் சும்மா விடக்கூடாது," என்றார் சித்தப்பா. "யாரு யாரு பார்த்தது?"

"நான் பார்த்தேன்," என்றாள் அத்தை. "நானும் பார்த்தேன்," என்றாள் பெரியம்மா. "என் கண்ணு முன்னாடியே போனா," என்றார் பெரியப்பா.

கடைசியாக அப்பாவும் கையைத் தூக்கினார்.