திண்டிவனத்தில் எட்டு ஓம் ஸ்பீக்கர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு. சிறு தவறு: பெட்டி தூக்குவதற்காகத் தம்பியைக் கூட்டிப் போனேன். அவன் அதற்கு மட்டும்தான் என்று கடையில் முதலிலேயே சொல்லவில்லை.

டைரியில் இப்படி எழுதிவிட்டு, 'மறந்தேனா, தயங்கினேனா?' என்று வேணி வெகுநேரம் யோசித்தாள். விழுப்புரத்தில் மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் அவளே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தாள். அதற்கு மின்தடை எட்டு ஓம் உள்ள ஸ்பீக்கர்தான் ஆகும். நாலு ஓம் மாட்டினால் சூடேறிக் கருகி, பட்ட பாடெல்லாம் புகையாகிவிடும். அதற்காகத்தான் திண்டிவனத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடைக்குப் போயிருந்தாள்.

"இது எத்தனை ஓம்ங்க?"

விற்பனையாளர் குமரேசன், தம்பி கோபியின் பக்கம் திரும்பினார். "சார், ஏழு கலர் லைட்டு எரியும்."

"வாங்கறது நானுங்க. எத்தனை ஓம்?"

"லேடீஸ் துடைக்கறதுக்கும் ஈஸி சார்."

கோபி மல்லாட்டையை உடைத்துக் கடலையை மென்றுகொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அக்காவக் கேளுங்க" என்றான்.

"என்னா அடக்கம் சார் உங்களுக்கு!" என்று அவன் தோளைத் தட்டிய குமரேசன், ஆடி மாதமாயிற்றே என்று ஓர் அம்மன் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார். உடுக்கை ஒலியில் கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது.

பக்கத்தில் குக்கர் வாஷருக்காகக் காத்துக்கிடந்த முகையூர் வெள்ளையம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது. கூந்தல் அவிழ, குக்கர் மூடியை ஏந்தி ஆடிக்கொண்டே வந்தாள்.

"டேய்! ஓம் கேட்டது யாருடா?"

"அந்தப் பொண்ணு, தாயே!"

"நீ யாருக்குடா பதில் சொல்லிக்கினு இருக்கிற?"

குமரேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திருப்பிப் படித்தார். "நாலு ஓம்மா."

"எட்டு இல்லீங்களா?"

"மேல் தட்டுல இருக்குது. ஆனா லைட்டு எரியாதும்மா."

"எரிய வேணாங்க."

"எடுத்துக் குடுடா! இவளுக்கு வாஷரு குடு! எந்நேரமா கேட்டுக்கினு நிக்கிறா!" என்று சாமி தன்னையே சுட்டிக்காட்டியது.

கடையில் கற்பூரம் இல்லை. விற்பனைக்கு வைத்திருந்த கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார்கள். சாமி மலையேறியது.

வாசலில் வேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, நெஜமாவே சாமி வந்துச்சா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? வாஷரு வந்துச்சு" என்று வெள்ளையம்மாள் கொண்டையை முடிந்துகொண்டாள்.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, வேணி மீண்டும் பேனாவை எடுத்தாள்.

நாளை: வகுப்புக்குப் போகுமுன் ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரில் மாட்ட வேண்டும். முதலில் சத்தம் குறைவாக.