சாரல் மாறிலி

தென்காசியில் கணக்கு வாத்தியாரான வல்லிநாயகம், 1964 ஆனி மாதமே வீட்டு வாசலில் ‘வானியற்பியல் அறிஞர்’ என்று பலகை மாட்டிவிட்டார். அவர் வானியற்பியல் படிக்கப் போவது தசரா விடுமுறையில்தான். அதுவும், சென்னையில் ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சியில் இடம் கிடைத்தால்.

இடம் வேண்டுவோர் ஒரு கணக்கு அனுப்ப வேண்டும். நட்சத்திரத்தை அளக்கும் அதே முறைதான்: எட்டாத பொருளை இரண்டு இடத்தில் நின்று பார்த்து, கோணம் எவ்வளவு மாறுகிறதென்று குறித்து, நின்ற இடங்களின் இடைவெளியை அந்தக் கோணத்தால் வகுத்தால் தூரம் வந்துவிடும்.

குற்றால மலையில் ஒரு மொட்டைப் பாறையைப் பிடித்தார். பள்ளி மைதானத்தின் இரு முனைக்கும் இடையே நூற்றுப்பத்து கஜம். கோணம் சரியாக ஒரு பாகை. வகுத்தார். மலை நூற்றுப்பத்து கஜத்தில் வந்து நின்றது.

மூன்று நாள் அளந்தும் அது நகரவில்லை.

“அப்பொ கொடிக்கம்பத்துக்கிட்டதான மலை நிக்குது?” என்றாள் மனைவி சண்முகசுந்தரி. “அருவிக்குப் போக எதுக்கு பஸ்ஸு? துண்ட எடுத்துக்கிட்டு நடங்க.”

“சும்மா கெடட்டீ. கணக்கு சரிதான். மலைதான் தப்பா நிக்குது.”

“தெரிஞ்சவுகட்ட கேக்கலாம்லா?”

“நான் யாருட்டட்டீ கேக்கது? வாசல்ல பலகையப் பாக்கலியா?”

தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் மைதானத்திலிருந்து பாறைக்கு ஆறாயிரத்து முந்நூறு கஜம் இருந்தது. ஐம்பத்தேழு மடங்கு! குழம்பியபடி சாரலில் நடந்தவருக்கு மூக்குக்கண்ணாடி நனைந்து, தெருவிளக்கு பூசணிக்காய் அளவுக்குப் பெருத்துத் தெரிந்தது. பிடிபட்டுவிட்டது. ஈரக்காற்று வழியே மலை கிட்டத்தில் தெரிகிறது! ‘வல்லிநாயகம் சாரல் மாறிலி: 57.3’ என்று எழுதினார்.

“சாரல் இல்லாத மாசத்துல?”

“அப்பொ மாறும்.”

“மாறிலின்னு சொன்னிய?”

அவர் தபாலாபீசுக்குப் போய்விட்டார்.

ஆவணியில் பதில் வந்தது. ‘தங்கள் 57.3 மழையில்லாத ஊரிலும் இதேதான். கோணத்தை ரேடியனில் எழுதி வகுக்க வேண்டும்; தாங்கள் பாகையில் வகுத்துள்ளீர்கள். ஒரு ரேடியன் 57.3 பாகை. தெரியாதவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி. எனவே முதல் இடம் தங்களுக்கே.’

நாலு முறை படித்தார். முதல் இடம் என்பது புரிந்தது.

“ஏட்டி, மழையில்லாத ஊர்ல நம்ம நம்பர் எப்படி வரும்?”

“அது கெடக்கட்டும். பலகைய எறக்கணுமா வேண்டாமா?”

வல்லிநாயகம் வாசலையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எறக்க வேண்டாம். தசரா முடியுற வரைக்கும் ஒரு சாக்கப் போட்டு மூடி வையி.”