கொண்டைக்கடலை தூக்கிய சம்பந்தி

நாலு கிலோ கொண்டைக்கடலை என் சம்பந்தியை உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு சாண் உயரம் தூக்கியது. சம்பந்தி எழுபத்திரண்டு கிலோ. என் கண்ணால் பார்த்தேன்.

தூக்குவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிப்ட் இயக்கியவன் நான். ஏறிய மாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். அப்படிப்பட்டவன் இப்போது குடியிருப்பது லிப்டே இல்லாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், மகள் வீட்டில். முழங்கால் அறுவை முடிந்து மேலே வந்த என் மனைவி, இரண்டு வருடமாகக் கீழே இறங்கவில்லை.

அதனால் அவள் பால்கனியிலேயே ஓர் ஊரை உண்டாக்கினாள். குளியலறையிலிருந்து கழற்றிப் போட்ட, விரிசல் விழுந்த வாஷ்பேசின்தான் நிலம். தண்ணீர் வடிய ஓட்டையும் அதிலேயே இருந்தது. மொட்டைமாடித் தொட்டிச் சுவரிலிருந்து நான் சுரண்டி வந்த பாசி புல்வெளி. உடைந்த கண்ணாடித் துண்டு ஏரி. கடுகு முளைகள் மரங்கள். மகள் தீக்குச்சிகளை ஒட்டி வேலியும் பாலமும் செய்து கொடுத்தாள். தினமும் காலையில் என் மனைவி இரண்டு விரல்களைக் கால்களாக்கி ஊருக்கு நடுவே போட்டிருந்த மணல் பாதையில் நடப்பாள். ஏரிவரை போவாள், பாலத்தில் சற்று நிற்பாள், திரும்பி வருவாள். "நடந்துட்டு வந்தேன்" என்பாள். விளையாட்டாகச் சொல்வதில்லை.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளையின் அப்பா எங்களோடு தங்க வந்தார், உடற்பயிற்சி சைக்கிளோடு. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் வணக்கம் சொன்னால்கூட அதை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொல்வார். காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் சைக்கிள் பால்கனியில்தான் நிற்க வேண்டுமாம். வாஷ்பேசினை மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமாம். அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

"பாசிதானே சம்பந்தி, எங்க வச்சாலும் வளரும்" என்றார்.

எனக்கு நாக்கில் சனி. "விதையை லேசா நினைக்காதீங்க. ஊறுற கடலை உங்களையே தூக்கிடும்."

"என்னையா?"

"உங்க சைக்கிளையும் சேர்த்து."

"சைக்கிள் வேணாம், நான் மட்டும் போதும். தூக்கினா சைக்கிளைக் கூடத்துலயே போட்டுக்கறேன். தூக்கலைன்னா?"

"பால்கனி உங்களுக்கு."

சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் நின்றது. என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"என் தோட்டத்தை வச்சா பந்தயம் கட்டுனீங்க? உங்க வாயை வச்சுல்ல கட்டியிருக்கணும்."

பிறகு அவளே சொன்னாள்: "பெரிய குக்கரை எடுங்க. வாய் குறுகாதது. வெதுவெதுப்பாத் தண்ணி வைக்கிறேன்."

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். மூடி தொலைந்த குக்கரில் கடலை, தண்ணீர். அதன்மேல் உள்ளே சரியாக இறங்கும் ஒரு வட்டப் பலகை, தண்ணீர் போக நாலு துளையோடு. பலகைமேல் தடித்த மரக்கட்டை, கட்டைமேல் மணைப்பலகை. சுவர் மூலையில் வைத்து, சம்பந்தியைச் சம்மணமிட்டு ஏற்றினோம்.

"கால் தரையில பட்டா எடை குறையும். பட விடமாட்டேன்" என்றார். சுவரையும் தொடவில்லை. நேர்மைக்காரர். குக்கர் விளிம்புக்கு நேராகக் கட்டையில் பென்சிலால் தானே கோடு போட்டுவிட்டு, செய்தித்தாளை விரித்தார்.

எட்டு மணிக்கு மகள் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது.

"அப்பா, கோடு கீழ போயிருக்கு."

"ஏறலையே சம்பந்தி, இறங்குதே" என்றார் அவர், பக்கத்தைத் திருப்பியபடி. "உங்க லிப்டும் இப்படித்தானா?"

என் மனைவி பால்கனிக்குப் போனாள். நான் போய்ப் பார்த்தால், தீக்குச்சி வேலியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாலத்தைக் கடைசிக்கு விட்டிருந்தாள். முப்பத்தொரு வருடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிப்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை மீட்டிருக்கிறேன். அன்று நானே மாட்டிக்கொண்டு நின்றேன்.

"உள்ள வாங்க, ரெண்டு பேரும்" என்று மகள் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

குக்கரிலிருந்து ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. யாரோ ஈரச் செருப்போடு மெதுவாகத் திரும்பி நிற்பதுபோல. என் மனைவி சுவரைப் பிடித்து, வலித்த காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, குக்கரில் காதை வைத்தாள்.

"உள்ள நகருதுங்க. எல்லாம் சேர்ந்து நகருது."

கோடு விளிம்புக்கு வந்தது. நின்றது. பிறகு, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. மோட்டார் இல்லை, கம்பி வடம் இல்லை, பொத்தான் அழுத்த ஆள் இல்லை. தண்ணீர் குடிப்பதைத் தவிர அந்தக் கடலைகள் வேறொன்றும் செய்யவில்லை. இத்தனை வருடம் நான் செய்ததாக நினைத்த வேலையை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

செய்தித்தாள் எப்போதோ மடங்கியிருந்தது. சம்பந்தி அசையாமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு, "என் ஸ்டீல் ஸ்கேலைக் கொடும்மா" என்று மகளிடம் கேட்டு வாங்கி, குனிந்து வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். இறங்கியதும் அறைக்குப் போகவில்லை. என் மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, குக்கரின் மறுபக்கம் காதை வைத்தார். வெகுநேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தபோது சைக்கிள் கூடத்தில் நின்றது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு சாணா மாமா? சும்மா இருங்க."

"பொய்டா. ஒரு சாணெல்லாம் இல்லை" என்றார் சம்பந்தி, சைக்கிளை மிதித்தபடி. "இருபத்திரண்டு மில்லிமீட்டர். ரெண்டு தடவை அளந்தேன்."

மிதிப்பது நின்றது.

"ஆனா தூக்குச்சுடா. என்னைத் தூக்குச்சு."