வெளியாரும் வரலாம்

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று வெளியே சொல்வதில்லை. குடியை விட்டவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த வழக்கம் அது. கம்பெனி கேட்டாலும் அதே பதில்தான்.

டெனிசன் குடித்துவிட்டு பிரஸ் மெஷினில் நின்றதற்காக சஸ்பெண்டில் இருந்தான். கூட்டத்துக்குப் போய்க் குடியை நிறுத்தினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி டாக்டர் சுப்பராயன் பரிந்து பேசியிருந்தார். பர்சனல் ஆபீசர் இராமச்சந்திரன் ஒப்புக்கொண்டார். ஆனால் அவன் போகிறானா என்று அவருக்குத் தெரியவேண்டும்.

டாக்டர் கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் கோதண்டராமனிடம் கேட்டார். பஸ் டிப்போ மெக்கானிக். அவர் வழக்கத்தைச் சொன்னார். பிறகு, மாதக் கடைசி ஞாயிறு வெளியாரும் வரலாம், ஆபீசரை அழைத்து வாருங்கள் என்றார். டெனிசனும் சரி என்றான். அப்போது அவன் குடிக்காமல் இருந்தான்.

அந்த வருஷம் மலிவு விலை மதுக்கடைகளை அரசாங்கம் மூடியிருந்தது. சாராயம் வேறு வழிகளில் வந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு மாலை, கூட்டம் நடக்கும் சர்ச்சுக்குப் போகும் வழியில் அவன் மனைவி லிடியா சொன்னாள்.

"வியாழக்கெழமை குடிச்சத இன்னிக்கு மட்டும் சொல்லாதய்யா. அடுத்த வாரம் உங்க ஆளுங்ககிட்ட சொல்லிக்கோ."

அவன் எட்டி நடந்தான்.

சர்ச்சுக்குப் பின்னால் ஞானோபதேச வகுப்பு நடக்கும் அறை. லிடியா கடைசி பெஞ்சில் டாக்டருக்கும் ஆபீசருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆபீசர் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். டெனிசனை நாளைக்கே லைன் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

பூக்கடைக்காரர் ஒருவர் முதலில் பேசினார். "குடிச்சிட்டு என் வூடுன்னு நெனச்சு எதிர்வூட்டுக் கதவத் தட்டினேன். அந்தம்மா தொறந்துச்சு. என் பொண்டாட்டிய எங்க மறைச்சு வெச்சிக்கீறேன்னு அதுங்கிட்டயே சண்ட போட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். லிடியாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

டெனிசன் எழுந்தான்.

"என் பேரு டெனிசன். நான் குடிகாரன்."

லிடியாவைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

"வியாழக்கெழமை குடிச்சிட்டேன். இங்கயும் பொய் சொன்னா எனக்குப் போக வேற எடம் இல்ல."

உட்கார்ந்துவிட்டான்.

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். விழுந்தவன் திரும்பி வந்து அதைச் சொன்னால் கைதட்டுவார்கள். லிடியாவுக்கு அது தெரியும். ஆபீசருக்குத் தெரியாது. தட்டுகிற கைகளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், எழுந்து வெளியே போனார். டாக்டரும் கோதண்டராமனும் பின்னால் போனார்கள்.

ஜன்னல் வழியாகக் குரல்கள் கேட்டன. வாய்விட்டுச் சொல்கிறவன்தான் நிறுத்துவான் என்றார் டாக்டர். இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் முறை என்றார் கோதண்டராமன்.

"அது உங்களுக்கு சார்," என்றார் ஆபீசர். "நான் கேட்டுட்டேன். நாளைக்கு மெஷின்ல எவன் கையாவது போச்சுன்னா, கேக்கலைன்னு சொல்வேனா?"

ஸ்கூட்டர் கிளம்பியது.

கோதண்டராமன் உள்ளே வந்தார். லிடியாவின் முன் நின்றார். நான்தாம்மா அவரைக் கூப்பிடச் சொன்னேன் என்றார்.

டீ வந்தது. பக்கத்திலிருந்தவர் முதல் டம்ளரை டெனிசனிடம் கொடுத்தார்.

இருவரும் மெயின் ரோட்டுக்கு வந்தபோது இருட்டியிருந்தது. நைட் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் வந்தது. டிரைவர் அன்பு அவர்களைப் பார்த்து நிறுத்தினான்.

"இன்னா டெனிசு, நாளைலேந்து வர்றியாமே?"

லிடியா ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே," என்றான் டெனிசன். "நீ போ, லேட்டாவும்."

பஸ் போனது.

"வா," என்றாள் லிடியா.