திருப்பி மாட்டின கார்டு

காவலாளிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ் வாசல்ல காவலுக்கு நிக்கிறவ நான். என் லைசென்ஸ் நேத்தோட முடிஞ்சுபோச்சு. சிரிக்காதீங்க.

புதுப்பிக்க ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்தாச்சு. ஃபைல் மாடியில, அதிகாரி மேசையில தூங்குது. பழையவர் மாத்தலாகிப் போயிட்டார். புதுசா வர்றவர் கையெழுத்துப் போடணும். செல்லாத கார்டோட நிக்கிறது தெரிஞ்சா வேலை போயிடும், அப்புறம் எந்த வாசல்லயும் நிக்க முடியாது. அதனால சட்டையில மாட்டின கார்டை, தேதி தெரியாம, பின்பக்கமா திருப்பி வெச்சிருந்தேன்.

காலையில இருந்து மக மூணு தடவை போன் பண்ணிட்டா. "கையெழுத்து ஆச்சாம்மா?"

"ஆகும்டி, உயிரை வாங்காதே. வை."

பத்து மணிக்குக் கசங்கின சட்டையோட ஒருத்தர் விறுவிறுன்னு உள்ளே நுழையப் பார்த்தார்.

"ஐயா, அடையாள அட்டை?"

"நான்தாம்மா புது அதிகாரி. அட்டை இன்னும் வரலை."

"அட்டை இல்லாம யாரையும் விடக் கூடாதுங்க."

வாய் முந்திக்கிச்சு. புத்திக்கு அப்புறம்தான் எட்டுச்சு. அடிப்பாவி, உன் கையெழுத்தையே வாசல்ல நிறுத்திட்டியே!

கேட்டைத் திறக்கக் கை போச்சு. ஆனா போன மாசம் இதே மாதிரி "அதிகாரி"ன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் உள்ளே போய் ரெண்டு ஃபைலைத் தூக்கிட்டுப் போனான். திட்டு வாங்கினது நான்தான். கையை இழுத்துக்கிட்டு மாடிக்குப் போன் போட்டேன். குமாஸ்தா டீ குடிக்கப் போயிருக்காராம்.

அவர் வெயில்ல நின்னபடி என் கார்டையே பார்த்தார். "அதைத் திருப்பு."

திருப்பினேன்.

"நேத்தோட முடிஞ்சிருக்கு. இப்ப நீ காவலாளியே இல்ல. தள்ளு."

கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "தள்ளிக்கிறேங்க. நீங்க யாருன்னு குமாஸ்தா வந்து சொன்னதும் தள்ளிக்கிறேன்."

அதுக்குள்ள குமாஸ்தா அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தார். "ஐயா, வாங்க வாங்க!"

கேட்டைத் திறந்தேன். ரெண்டு படி ஏறினவர் நின்னார். "கார்டை மறைச்சது தப்பு. அதை எழுதுவேன்."

"சரிங்க."

"என்னை விடாம நின்னதையும் எழுதுவேன்."

தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, வந்தவங்க உக்கார்ற பெஞ்சுல உக்காந்தேன். போன் அடிச்சுது.

"கையெழுத்து ஆச்சாம்மா?"

"போடத்தாண்டி உள்ளே போயிருக்கார்."

புதுக் கார்டுலயா, என்னை வேலையை விட்டுத் தூக்குற கடுதாசியிலயான்னு அவகிட்ட சொல்லலை. எனக்கே தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு.